கண்ணாடித் தொட்டியில் ராட்சதச் சிப்பி

சென்ற மாதம் நம் சங்கத்துக் கூட்டம் முடிந்து எல்லாரும் காபியும் கையுமாக நின்றிருந்த நேரம். நண்பர் ஒருவரின் மகன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். குருகிராமில் வேலை பார்க்கிற பிள்ளை. வீட்டுக் கூடத்தில் நாலடி நீளத்துக்குக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறான் என்று அவன் தகப்பனார் பாதி பெருமையும் பாதி அங்கலாய்ப்புமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். நீலமும் பச்சையுமாகப் பட்டுத்துணியை மடித்து வைத்தாற்போல் ஒரு சிப்பி.

"மாமா, ஒரு கடைக்காரர் இதைக் கொண்டு வந்து தரேங்கறார். இருபத்திரண்டாயிரம் சொல்றார். பில் மட்டும் தர மாட்டாராம். நீங்க அமெரிக்காவிலே இதை வளர்த்தீங்கன்னு அப்பா சொன்னார். எப்படிப் பார்த்துக்கணும்னு சொல்லுங்களேன்."

வளர்த்தவர் என் மாப்பிள்ளை. நான் காவல் இருந்தவன், அவ்வளவுதான். ஆனாலும் நின்றபடி நாலு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயமில்லை. "எழுதித் தரேன்" என்று சொல்லி அனுப்பினேன். எழுத உட்கார்ந்த பிறகு, நம் குடும்பங்களில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் இந்தத் தொட்டி ஆசை நுழைந்திருப்பது நினைவுக்கு வந்தது. ஆகவே பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். என் கருத்தையும் ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்காதே, தம்பி. சட்டம் ஒரு காரணம்தான். ஆனால் சட்டத்தைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அந்தச் சிப்பியை நோய் நொடியில்லாமல் வைத்திருப்பதென்றால் என்ன என்பது தெரிந்தால் கை தானாகவே பின்வாங்கும்.

2020 பிப்ரவரி கடைசியில் நானும் மனைவியும் மூன்று மாதத்துக்கென்று ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். போன சூட்டோடு கொரோனா வந்து விமானங்கள் நின்றன. பிறகு மீட்பு விமானங்கள் வந்தபோதும், இந்த வயதில் அத்தனை பேரோடு அடைந்து உட்கார்ந்து போக வேண்டாம் என்று மகள் தடுத்துவிட்டாள். ஓராண்டுக்கு மேல் அங்கேயே இருந்தோம். கோயில் மூடியிருந்தது, நூலகம் மூடியிருந்தது, பேச்சுத்துணைக்கு ஆளில்லை. கூடத்தில் மாப்பிள்ளை வைத்திருந்த ஆறடித் தொட்டிதான் எனக்குத் துணையாயிற்று.

அதன் நடுவில் மணல்மேல் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சிப்பி உட்கார்ந்திருந்தது. 'டெராசா' என்று சொல்லும் இனம். பசிபிக் தீவு ஒன்றின் பண்ணையில் பிறந்தது என்பதற்குச் சீட்டு வைத்திருந்தார் மாப்பிள்ளை. 2016-இல் வாங்கும்போது இரண்டே அங்குலம் இருந்ததாம். பாட்டியிடம் கதை கேட்ட பேத்தி அதற்குக் குண்டோதரன் என்று பெயர் வைத்திருந்தாள். பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஓராண்டு பார்த்தேன்; அதன் வாயில் நாங்கள் ஒரு பருக்கை போட்டதில்லை.

இதுதான் இந்த இனத்தின் விசேஷம். சிப்பியின் ஓடு மேல்நோக்கித் திறந்திருக்கும். உள்ளிருந்து வண்ணச் சதை ஒன்று இரு பக்கமும் மடல்போல் விரிந்து வெளியே வழியும். அந்த மடலுக்குள் நுண்ணிய குழாய்களில் கோடிக்கணக்கான ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சம் பட்டால் அவை சர்க்கரை தயாரிக்கும். அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடும். சிப்பியின் கழிவோ பாசிக்கு உரம். 1928-29-இல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டுக்குப் போன பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் சி. எம். யங் இந்த உறவைப் பற்றி விரிவாக எழுதினார். கடல்நீரை வடிகட்டி நுண்ணுயிர்களையும் சிப்பி தின்னத்தான் தின்னும். ஆனால் அதன் முதல் சோறு வெயில்.

ஆகவே தொட்டியில் முதல் கேள்வி விளக்கு. வெப்ப மண்டலக் கடலில் நாலைந்து அடி ஆழத்தில் விழுகிற உச்சி வெயிலுக்கு ஈடாக ஒன்றைக் கூரைக்குக் கீழே உண்டாக்க வேண்டும். முன்பெல்லாம் அடுப்புபோல் சுடுகிற மெட்டல் ஹாலைடு விளக்குகள் போட்டார்கள், இப்போது எல்.இ.டி. 'மாக்சிமா', 'குரோசியா' என்ற இனங்களுக்கு மிக உக்கிரமான ஒளி வேண்டும். 'டெராசா', 'ஸ்குவாமோசா' கொஞ்சம் பொறுத்துப் போகும். கடையில் மங்கலான வெளிச்சத்தில் கிடந்ததை வந்தவுடன் உச்சி விளக்கின் கீழ் வைத்தாலும் ஆபத்துதான். பாசியை இழந்து வெளுத்துவிடும். அடியில் வைத்து வாரக்கணக்கில் பழக்க வேண்டும். வெளிச்சம் போதாமல் போனால் உடனே சாகாது, அதுதான் ஏமாற்று. சேமிப்பைத் தின்றுகொண்டு நாலைந்து மாதம் அழகாகவே இருக்கும். வாங்கியவர் தமக்கு வளர்க்கத் தெரிந்துவிட்டது என்று படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார். பிறகு ஒரு நாள் மடல் சுருங்கும்.

இரண்டாவது சுண்ணாம்பு. ஓடு கட்ட வேண்டுமே! தண்ணீரில் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியம் இருக்க வேண்டும். அதோடு காரத்தன்மையும் ஏறி இறங்காமல் நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் தொட்டியில் இரவு முழுவதும் ஒரு புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. 'கால்க்வாசர்' என்று ஜெர்மன் பெயரைச் சொன்னார். விசாரித்தால் நம் சுண்ணாம்புத் தெளிநீர்! சுண்ணாம்பைக் கரைத்து, அடியில் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை மட்டும் எடுப்பது. விளக்கு அணைந்த பிறகு தண்ணீரின் புளிப்பு கொஞ்சம் கூடுமாம், அதனால் இரவில் விடுகிறார்கள். இதை என் பாட்டியிடம் சொல்லியிருந்தால், "இதுக்கா அமெரிக்கா போனே?" என்றிருப்பாள். (வெற்றிலைச் சுண்ணாம்பைப் போட்டுப் பார்க்காதீர்கள். அதில் வேறு கலப்புகள் இருக்கலாம். தூய சரக்குதான் வேண்டும்.) சிப்பி வளர வளரச் சுண்ணாம்பும் கூடுதலாகச் செலவாகும். வாரம் இரண்டு முறை அளந்து பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலையாயிற்று. ஓட்டின் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் புது வளர்ச்சி, நலமாக இருக்கிறதென்று பொருள். காலையில் எழுந்ததும் அந்த வெள்ளைக் கோட்டைத்தான் பார்ப்பேன்.

தண்ணீரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. மீன் கழிவிலிருந்து வருகிற நைட்ரஜன் சத்து சிறிதளவு இருந்தால்தான் உள்ளே இருக்கும் பாசி பிழைக்கும். அத்தனையையும் வடிகட்டி எடுத்துவிட்டால் சிப்பி பட்டினி. மிகுந்தால் வேண்டாத பாசி தொட்டியை மூடும். உப்பின் அடர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி. இந்த எண்களைப் புத்தகத்தில் படிப்பது சுலபம். அவை நாளைக்கும் அடுத்த வருஷமும் அதே எண்களாக இருக்க வேண்டும் என்பதில்தான் வளர்ப்பவரின் உயிர் போகிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும், ஆகவே தினமும் உப்பில்லாத தூய நீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்ததென்று தாமிரம் கலந்த மருந்தை அதே தொட்டியில் ஊற்றினால் மீன் பிழைக்கும், சிப்பி போய்விடும்.

அடியில் பட்டு இழைபோல் நார் விட்டுச் சிப்பி கல்லைப் பிடித்துக்கொள்ளும். அழகாகத் தெரியட்டும் என்று இடம் மாற்றப் போய் வெடுக்கென்று இழுத்தால் நாரோடு உள் உறுப்பும் பிய்ந்து வரும், அதோடு முடிந்தது. கல்லை ஒட்டிப் பிளேடால் நாரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அரிசிமணி அளவில் வெள்ளை நத்தை ஒன்று உண்டு, அதுதான் இதற்கு மூட்டைப்பூச்சி. பகலில் ஒளிந்திருந்து இரவில் ஓட்டின் விளிம்புக்கு ஏறி வந்து சாற்றை உறிஞ்சும். பத்து மணிக்கு மேல் டார்ச்சும் பல்துலக்கும் பிரஷுமாக நான் தொட்டிக்கு முன்னால் நிற்பதைப் பார்த்து மனைவி அடித்த கேலியை இங்கே எழுத முடியாது. தேவதை மீன், வண்ணத்துப்பூச்சி மீன் முதலியவற்றைக் கூட விடவே கூடாது. மடலைக் கொத்தும். கொத்துப்பட்ட சிப்பி பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும், சாத்தினால் வெளிச்சமில்லை, வெளிச்சமில்லையென்றால் சோறில்லை.

அந்த மடலின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான சின்னக் கண்கள் இருக்கின்றன. உருவத்தைத் தெளிவாகக் காணாது, ஆனால் நிழல் விழுந்தால் தெரியும். காலையில் விளக்கு எரிந்ததும் நானும் பேத்தியும் மேலே கையை ஆட்டுவோம். குண்டோதரன் வெடுக்கென்று சுருங்குவான். ஒரு நிமிஷத்தில் மெல்லத் திறப்பான். இது எங்களுக்குள் நமஸ்காரம் மாதிரி. ஆளின் காலைக் கவ்விக் கடலுக்குள் இழுத்துவிடும் என்று பழைய கதைகளில் வருமே, அந்தப் பூதம் இதுதான். அப்படி ஒருவர் செத்ததற்கு உறுதியான சான்று எதுவும் கிடையாது. நாம் கொன்ற சிப்பிகளுக்குத்தான் கணக்கில்லை.

2021 பிப்ரவரி 14 ஞாயிறு இரவு டெக்சாஸில் கடும் பனி இறங்கியது. விடியுமுன் மின்சாரம் போயிற்று. லட்சக்கணக்கான வீடுகளில் இதே கதி. எங்கள் வீட்டில் மூன்று நாள் வரவில்லை. வெளியே உறைநிலைக்கும் கீழே. தொட்டியைச் சுற்றிக் கம்பளிகளைக் கட்டினோம். கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்துப் புட்டிகளில் நிரப்பித் தண்ணீரில் மிதக்கவிட்டோம். பேட்டரியில் ஓடும் குட்டிப் பம்பு காற்று ஊதியது. அது நின்றபோது மாப்பிள்ளை காரில் போய் உட்கார்ந்து பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டு வந்தார். இரவெல்லாம் முறை வைத்துப் புட்டி மாற்றினோம். இரண்டாம் நாள் தண்ணீர் 16 டிகிரிக்கு வந்துவிட்டது. வெளிச்சம் என்று ஒன்று ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சம்தான்.

மூன்றாம் நாள் காலை பேத்தி நாற்காலி போட்டு ஏறிக் கையை ஆட்டினாள். சிப்பி மூடவில்லை. இன்னொரு முறை ஆட்டினாள். "தாத்தா, தூங்கறான்" என்றாள்.

அத்தனை பெரிய சிப்பி செத்து உள்ளேயே கிடந்தால் சில மணி நேரத்தில் தண்ணீர் முழுவதும் நாறி மற்ற உயிர்களையும் கொண்டுபோய்விடும். ஆகவே துக்கப்படக்கூட நேரமில்லாமல் மாப்பிள்ளை தோள்வரை கையை விட்டு அதை எடுத்தார். கோமாளி மீன்கள் இரண்டும் பிழைத்தன. அன்று மாலையே மின்சாரம் வந்தது. மாப்பிள்ளை என்னிடம், "அஞ்சு வருஷம் மாமா" என்று மட்டும் சொன்னார். அவருக்கு இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பணம் இருந்தது, படிப்பு இருந்தது, பொறுமை இருந்தது, சீட்டு இருந்தது. மூன்று நாள் மின்சாரம்தான் இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அங்கே மூன்று நாள் குளிர். இங்கே மூன்று மாதம் வெயில். மே, ஜூனில் தில்லி வீடுகளில் நடுநிசியிலும் சுவர் சுடுகிறது. தண்ணீரை 26 டிகிரியில் நிறுத்தக் குளிரூட்டும் இயந்திரம் ஓயாமல் ஓட வேண்டும். மின்சாரம் போனால் நம் வீட்டு இன்வெர்ட்டர் இரண்டு மின்விசிறியும் ஒரு விளக்கும் தாங்கும், இதைத் தாங்காது. தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பத்து நாள் யார் உப்பு பார்ப்பார்கள், சுண்ணாம்பு அளப்பார்கள்? வேலைக்கு வரும் அம்மாவிடம் சாவியைக் கொடுத்து, "ரெண்டு வேளை மீனுக்குத் தீனி போடு" என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயமா இது? நம் வீடுகளில் வேலை மாற்றம், வீடு மாற்றம் வேறு ஓயாது. டெராசா இரண்டடிவரை வளரும். அதற்கும் பெரிய இனமான 'கைகாஸ்' நாலடி வளர்ந்து 200 கிலோவைத் தாண்டும், நூறு வயதும் வாழும். சிப்பியை வாங்குகிறவன் தன் பேரனுக்கும் ஒரு பொறுப்பை வாங்கி வைக்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறதென்றும் பார்த்துவிடுவோம். நம் லட்சத்தீவிலும் அந்தமானிலும் இந்தச் சிப்பிகள் இயற்கையாக வாழ்கின்றன. மாக்சிமா, ஸ்குவாமோசா இரண்டையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலிக்கும் யானைக்கும் உரிய இடத்தில், சேர்த்தார்கள். பவளங்களும் அப்போதுதான் சேர்ந்தன. பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வெளிநாட்டில் வளர்த்தது என்று கடைக்காரர் சொல்லலாம். எல்லா ராட்சதச் சிப்பிகளுமே பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 1980-களிலேயே வந்துவிட்டவை. முறையாக வந்ததென்றால் அனுமதிச் சீட்டு இருக்கும். பில்லே தராத ஆளிடம் அந்தச் சீட்டு எங்கிருந்து வரும்?

இதற்கு அந்தப் பிள்ளை ஒரு நியாயம் சொன்னான். நியாயமான நியாயம்தான். "கடல் சூடாகிப் பவளமெல்லாம் வெளுத்துச் சாகுது மாமா. அங்கே சாகறதுக்கு என் தொட்டியிலே இருக்கட்டுமே." லட்சத்தீவில் 1998, 2010, 2016 என்று வெளுப்பு வந்து பவளத்திட்டுகள் அடிபட்டது உண்மை. ஆனால் சிப்பியின் இல்லறத்தை யோசிக்க வேண்டும். அது இடத்தை விட்டு நகராது. துணையைத் தேடிப் போக முடியாது. ஆணும் பெண்ணும் ஒரே உடம்புதான். கரு அணுக்களைத் தண்ணீரில் விட்டுவிடும். பக்கத்தில் இன்னொரு சிப்பி இருந்து அதுவும் அதே நேரத்தில் விட்டால்தான் சந்ததி. இருபது சிப்பி இருந்த இடத்தில் பதினைந்தைப் பெயர்த்துவிட்டால் மிச்சம் ஐந்தும் உயிரோடு இருந்தும் மலடாகிவிடலாம். தொட்டியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒன்று எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் கடலைப் பொறுத்தவரை செத்த கணக்கு. தென்சீனக் கடலில் தந்தத்துக்குப் பதிலாகச் செதுக்குவதற்கென்று படகின் விசிறியாலேயே பவளத்திட்டைக் கிளறிச் சிப்பிகளைத் தோண்டினார்கள். 2016-இல் ஹேக் நகரத் தீர்ப்பாயம் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கின் தீர்ப்பில் அதையும் கண்டித்து எழுதியது.

நான் இந்தப் பொழுதுபோக்குக்கே எதிரியல்ல. பலாவ் தீவில் 1980-களிலேயே இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து லட்சக்கணக்கில் வளர்த்துக் காட்டினார்கள். பிலிப்பைன்ஸில் பொலினாவோ கடல் ஆராய்ச்சி நிலையத்தார், அந்த நாட்டில் ஏறக்குறைய அற்றுப்போன கைகாஸை வளர்த்து மீண்டும் கடலில் விட்டிருக்கிறார்கள். அந்த வேலையை நாமும் செய்யலாமே? மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் ஆராய்ச்சியாளர்கள் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்திருக்கிறார்கள். கையும் அறிவும் இங்கே இருக்கின்றன. லட்சத்தீவில் சிப்பிக்கு ஒரு பொரிப்பகம் வைத்து, முதல் நூறு ஆயிரத்தைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அரசு முத்திரையோடு நாலு சிப்பியைப் பொதுக் காட்சித் தொட்டிகளுக்குக் கொடுக்கட்டும். ஊரிலிருந்து வரும் உறவுக்குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட நான்தான் முதல் ஆள். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும், அங்கே சட்டம் இடம் கொடுத்தால், பண்ணையில் பிறந்ததற்குச் சீட்டு கேட்டு வாங்கட்டும். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சை வாங்க வேண்டாம், தாங்குவது கடினம். தில்லித் தொட்டிக்கு இப்போதைக்குத் தொட்டியில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி போதும். அதையே நாலு வருஷம் நலமாக வைத்திருந்தால் நான் வந்து கைகுலுக்குகிறேன்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தப் பிள்ளைக்கு அனுப்பி வைத்தேன். இரவு பத்தரைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

"நான் வாங்கலேன்னா வேற யாரோ வாங்கிடுவாங்களே மாமா. அது இப்பவே கடையிலே ஒரு பக்கெட்டிலே கெடக்கு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வனத்துறைக்குச் சொல்லலாமே என்றேன். "சொன்னா அதை எங்கே கொண்டுபோய் வைப்பாங்க?" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறான். போகிறேன்.